பழைய பிளாப்பியைத் திருப்பி அனுப்பவும்

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் தொழிலாளர்களின் வருகைப் பதிவைத் தட்டுவேன். ஏழாவது நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், என் சிநேகிதன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, யாரும் எங்களைச் செய்யச் சொல்லாத ஒரு வேலையைச் செய்வேன். அந்த ஏழாவது நாள் வேலையில்தான் நான் ஒரு மனிதருக்குச் செய்யக் கூடாததைச் செய்தேன்.

சிநேகிதன் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. எண்பதுகளின் கடைசியில் அவன் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றைக்கே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, தொட்டால் கெட்டுவிடும் என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள். இவன் மட்டும் தொட்டான். தொட்டவன் விடவில்லை. “ஏலே, இதுல தமிழ் ஏன் வர மாட்டேங்குது?” என்று என்னிடம் கேட்டான். எனக்கு மட்டும் தெரியுமா? “வர வச்சிருவோம்” என்றேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் நீளம்.

வர வைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வோர் எழுத்தாகப் புள்ளி வைத்து வரைந்து, அதை எண்களாக்கி, இருவரும் காசு சேர்த்து வாங்கி மாடியில் வைத்திருந்த மெஷினுக்குள் ஏற்றினோம். அந்தக் காலத்து மெஷின்களில் டாஸ் என்ற அமைப்புதான் ஓடும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடம் எல்லாம் கிடையாது. எங்கள் தமிழ் எழுதும் புரோகிராம், கையகலத் தகடான பிளாப்பி ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன மெஷினில்கூடப் பிளாப்பியைச் செருகினால் ஓடும். எழுதுவதெல்லாம் அதே பிளாப்பியிலேயே பதியும். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

அதை விற்கவில்லை. வெறும் பிளாப்பி ஒன்றை அனுப்புகிறவர்களுக்குப் பதிந்து திருப்பி அனுப்பினோம். ஒரு சின்னப் பத்திரிகையில் நாலு வரி அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான் விளம்பரம். அச்சகக்காரர்கள் எழுதினார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எழுதினார்கள், ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத்தாள் அடிக்க வேண்டும் என்று ஒரு சபையிலிருந்து எழுதினார்கள். தபாலில் பிளாப்பி நசுங்காமல் போக வேண்டுமே. ராஜபாளையத்தில் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை, நான் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுபோவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை, அவன் சேர்த்து வைத்திருப்பான். காயத்துக்குக் கட்டுப்போடுவதுபோல் பிளாப்பியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். ஒருமுறை பெட்டியைச் சரியாகத் துடைக்காமல், பிளாப்பியோடு எறும்பும் போய்ச் சேர்ந்தது. “புரோகிராம் நன்றாக இருக்கிறது, எறும்பு தேவையில்லை” என்று பதில் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் விண்டோஸ் வந்து நிலைத்தது. எங்கள் ஆலையிலும் புதிய மெஷின்கள் இறங்கின. கலர் கலராக ஜன்னல் திறந்தது. நாங்களும் எங்கள் புரோகிராமை அதற்கு ஏற்றாற்போல மறுபடி எழுதினோம். அதோடு முடிந்ததா? ஓர் எழுத்தைத் திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் இரண்டு தடவை வேட்டையாட வேண்டியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இல்லாத புருஷனை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வாள்? நான்தான் சொன்னேன், டாஸ் பதிப்பை நிறுத்திவிடலாம் என்று.

“பழைய மெஷின் வச்சிருக்கவன் என்ன செய்வான்?” என்றான் சிநேகிதன்.

“எவன் வச்சிருக்கான்? எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டாச்சு.”

“ஆலையில போட்டுட்டீங்க சரி. போட்டத எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பாம்லா?”

“இருந்தா எழுதிக் கேக்கட்டும். நாம என்ன, எழுதிக் குடுத்தா வச்சிருக்கோம்? சும்மா குடுக்குறோம்.”

இந்தக் கடைசி வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சும்மா கொடுக்கிறவனுக்கு ஒரு திமிர் வரும். காசு வாங்குகிறவனுக்காவது வாங்கியவன் நாளைக்கு வந்து கேட்பான் என்ற பயம் இருக்கும். எங்களுக்கு அந்தப் பயமும் இல்லை. தர்மம் செய்கிறோம் என்ற நினைப்பு மட்டும் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவன் அரைமனதாகச் சம்மதித்தான். எங்களிடம் இருந்த விலாசங்களுக்கெல்லாம் ஓர் அறிவிப்பு எழுதினோம். ‘இனி டாஸ் பதிப்பு வராது. பழைய பிளாப்பியைத் திருப்பி அனுப்பவும். அதிலேயே புதிய விண்டோஸ் பதிப்பைப் பதிந்து அனுப்புகிறோம். பழைய மெஷினையே வைத்திருப்பவர்கள் எங்களுக்கு ஒரு கார்டு போடவும்.’ கடைசி வரி அவன் பிடிவாதமாகச் சேர்த்தது. ஒரு கார்டு வந்தாலும் டாஸ் பதிப்பைத் தொடர வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனை. நானும் சரி என்றேன், ஒருவரும் எழுத மாட்டார்கள் என்ற தைரியத்தில்.

பிளாப்பிகள் வர ஆரம்பித்தன. கார்டு ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். குழம்பு வாங்கிய கிண்ணம் திரும்பி வரும்போது நாலு முறுக்காவது உள்ளே கிடக்கும். நாங்கள் அனுப்பிய பால்கோவாப் பெட்டிகளும் அப்படித்தான் திரும்பி வந்தன. கான்சாபுரத்திலிருந்து ஒருவர் கைப்பிடி உளுந்து வைத்திருந்தார். இன்னொருவர் கோயில் திருநீறு மடித்து வைத்திருந்தார். சபைக்காரர்கள் ஒரு சின்ன கேக் துண்டு அனுப்பி, அது பாதி வழியில் தூளாகியிருந்தது. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த மாதத்துச் சந்தோஷம். பெட்டிக்குள் பார்ப்போம். பிளாப்பிக்குள் பார்க்க மாட்டோம். அதில் என்ன இருக்கப்போகிறது? நாங்கள் கொடுத்த பழைய புரோகிராம்தானே.

மம்சாபுரத்திலிருந்து வந்த பெட்டியில் பிளாப்பியைத் தவிர ஒன்றுமே இல்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். “சரியான கருமிப் பய மாப்ள” என்றேன். சிநேகிதன் சிரித்தான். அந்தப் பிளாப்பியை மெஷினில் செருகி, ஃபார்மட் கட்டளை கொடுத்தேன். மேலோட்டமாக அழித்தால் பின்னால் ஏதாவது தொல்லை வரும் என்று, மீட்டெடுக்கவே முடியாதபடி முழுசாக அழிக்கும் வகையைத்தான் நான் எப்போதும் பயன்படுத்துவேன். உள்ளே உள்ளதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று மெஷின் கேட்டது. மெஷினுக்கு இருந்த அக்கறை எனக்கு இல்லை. விசைப்பலகையில் ‘ஆம்’ என்பதற்கான ஒய் கட்டையைத் தட்டிவிட்டு டீ குடிக்க எழுந்தேன்.

புதிய பதிப்பைப் பதிந்து, பேண்டேஜ் சுற்றி, அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினோம்.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ஷிப்ட் மாறும் நேரத்தில், எங்கள் ஆலையின் மராமத்துப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் என்னை நிறுத்தினார். பார்த்தால் தலையசைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் பழக்கம். மம்சாபுரத்துக்காரர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“தம்பி, அந்தத் தமிழ் பிளாப்பி நீங்க போடுறதுதானாமே. நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு. எங்க அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு வாங்கியிருந்தாவ.”

“அப்படியாண்ணே? நல்லா ஓடுதா?”

“பழசு நல்லா ஓடிச்சு. இப்ப வந்தது மெஷின்ல ஓட மாட்டேங்குது. ஒண்ணும் அவசரமில்ல, செத்த நேரம் கெடைக்கும்போது பாருங்க.”

“ஓடலைன்னா உடனே எழுதிப் போட வேண்டியதுதானே?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “தானமா வந்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா தம்பி? நீங்க சும்மா குடுக்கிய. அதப் போயி குத்தஞ்சொன்னா நல்லாருக்குமா?”

பிறகு மெஷினைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஆலை கழித்துப்போட்டதில் ஒன்றை அவர்தான் வாங்கிக் கொண்டுபோயிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் இல்லை, பிளாப்பியில்தான் ஓடும். உங்கள் அண்ணனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்டேன். அதை நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“பேசுறதுக்குத்தான்” என்றார்.

அண்ணன் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தவர். நரம்பை வாட வைக்கும் ஏதோ ஒரு நோய். முதலில் நாக்குக் குழறியிருக்கிறது. ஆறே மாதத்தில் பேச்சு நின்றுவிட்டது. மதுரையில் பார்த்துவிட்டு, இதற்கு மருந்தில்லை, கையும் காலும் ஒவ்வொன்றாக ஓயும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேனா பிடிக்க முடியாமல் போன பிறகும் விரலால் கட்டையை அழுத்த முடிந்திருக்கிறது. ஒரு வருஷமாக அவர் பெண்டாட்டியோடு பேசியதெல்லாம் எங்கள் கறுப்புத் திரையில், எங்கள் எழுத்தில்.

இதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். டாஸ் பதிப்பின் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அந்த வாரமே பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு அவரோடு மம்சாபுரம் போனேன்.

அவருடைய அண்ணன், அந்த அண்ணாச்சி, கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கட்டிலை ஒட்டி மேஜையும், அதன்மேல் துவைத்து மடித்த சேலையால் மூடிய மெஷினும் இருந்தன. நான் மதினி என்று கூப்பிட்ட அண்ணாச்சியின் மனைவி சேலையை எடுத்தார். பிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று ஓடி, கறுப்புத் திரையில் எங்கள் எழுத்து வந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அசைவு இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது. மதினி அவருடைய வலது கையைத் தூக்கிக் கட்டைகளின்மேல் வைத்தார். அந்தக் கை, வைத்த இடத்திலேயே கிடந்தது.

“போன மாசம் வரைக்கும் இந்த ஒரு விரலு இருந்துச்சு தம்பி” என்றார் மதினி. “பொறவு இதுவும் போயிருச்சு.”

நான் கணக்குப் போட்டேன். எங்கள் பிளாப்பி அவருக்குத் திரும்பிப்போய் இரண்டரை மாதம். அந்த விரல் போய் ஒரு மாதம். நடுவில் ஒன்றரை மாதம் அவருக்கு விரல் இருந்தது, நான் அழித்துவிட்டதால் எழுத்து இல்லை.

மதினி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார். “அவிய எழுதுனத எல்லாம் படிச்சியளா தம்பி? பதிலு வரும் வரும்னு இருந்தாவ.”

“எதை மதினி?”

“பிளாப்பியில எழுதியிருந்தாவள்ளா? கார்டு போடச் சொல்லியிருந்திய. நான் எழுதிப் போடுதேன்னேன். வேண்டாம், நானே எழுதுதேன்னு தட்டிக் காமிச்சாவ. பிளாப்பிய வாங்குறவங்க எப்படியும் போட்டுப் பாப்பாங்கன்னு சொன்னாவ. அனுப்புற அன்னைக்கு, வெறும் ஏனத்தத் திருப்பக் கூடாதே, பொட்டிக்குள்ள கொஞ்சம் கடலை மிட்டாயாவது வைக்கட்டான்னு கேட்டேன். அதுக்கும் வேண்டாம்னுட்டாவ. உள்ள நெறைய வச்சிருக்கேன்னு எழுதிக் காமிச்சாவ. நாலு நாளு உக்காந்து தட்டுனாவ தம்பி. என்னையக்கூடப் பாக்க விடல.”

கருமிப் பய என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது.

படித்தோம் என்று சொல்லிவிட எனக்கு நாக்கு வரை வந்தது. மதினி மட்டும் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்திருந்தால் அந்தப் புதிய பிளாப்பியை அவருக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று அவருக்குத் தெரியாதா? நான் எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போய், “அண்ணாச்சி, நான் படிக்கல. பாக்காம அழிச்சிட்டேன்” என்றேன்.

தம்பிக்காரர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். ஆமாம் என்றால் அண்ணாச்சி கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்றால் கண்ணைக் கூரைப் பக்கம் திருப்புவார். அந்த வீட்டில் அப்போது அதுதான் பேச்சு.

“மெஷினு பழசுன்னு எழுதியிருந்தியளா?”

கண்ணை மூடித் திறந்தார்.

“அழிச்சிராதியன்னும் எழுதியிருந்தியளா?”

மூடித் திறந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அம்புட்டுத்தானா?”

கண் கூரைக்குப் போனது.

“இன்னும் இருக்கா? எனக்கா? என்னையப் பத்தியா?”

மூடித் திறந்தார்.

“பிள்ளையளப் பத்தி? சின்னவ படிப்பு? வீட்டு விசயம்?” ஒவ்வொன்றுக்கும் அவர் கண் மாறி மாறிப் பதில் சொன்னது. சிலவற்றுக்கு ஆமாம், சிலவற்றுக்கு இல்லை. ஆமாம் என்றால் அதில் என்ன சொன்னார் என்று எப்படிக் கேட்பது? மதினி யோசித்து யோசித்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. “இன்னும் இருக்கா?” என்று மட்டும் மறுபடி கேட்டார். அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார்.

அங்கிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சிநேகிதனிடம் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டை அழுத்த விரல் வேண்டாம், உடம்பில் ஏதாவது ஓர் இடம் அசைந்தால் போதும், எழுத்துகள் தானாக வரிசையாக ஓட, வேண்டியது வரும்போது ஒரு பொத்தானை லேசாகத் தொட்டால் பதிகிற மாதிரி செய்யலாமா என்று கேட்டான். அவருடைய இடது கால் பெருவிரலில் இன்னும் அசைவு இருக்கிறது என்று தம்பிக்காரர் சொல்லியிருந்தார். இருவரும் முதல் சில நாள் லீவு போட்டு, பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்தோம். டாஸ் பதிப்புக்குத்தான் எழுதினோம். நிறுத்திவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்த பதிப்புக்கு, அதுவரை செய்த வேலைகளிலேயே நல்ல வேலையைச் செய்தோம். மூன்று வாரம் ஆனது.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனபோது வீட்டுக்கு முன்னால் பந்தல் பிரித்த குழிகள் மூடாமல் கிடந்தன. அண்ணாச்சி போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. தம்பிக்காரர் அந்த வாரம் வேலைக்கு வராததை நான் கவனிக்கவே இல்லை. நான் எதைத்தான் கவனித்தேன்?

மதினி எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் கொண்டுபோனதைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. அவராகத்தான் பேசினார்.

“நீங்க வந்துட்டுப் போன நாள்ல இருந்து தெனமும் கேட்டேன் தம்பி. காலையில கேப்பேன், சாயங்காலம் கேப்பேன். இன்னும் இருக்குன்னேதான் கண்ணக் காமிப்பாவ. எனக்கு என்ன கேக்கன்னே தோணாது. அவிய போன பொறவு, அடுப்படியில நிக்கும்போது, தண்ணி எடுக்கும்போது, ஒவ்வொரு கேள்வியா ஞாபகம் வருது. இதக் கேட்டிருக்கலாமே, அதக் கேட்டிருக்கலாமேன்னு வருது. இப்ப யாருட்டப் போயி கேக்க?”

சிநேகிதன் அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்றுதான் யோசித்தேன்.

புறப்படும்போது மதினி உள்ளே போய் அந்தப் பால்கோவாப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “உங்க பொருளு தம்பி. இங்க ஓடாது. வேற யாருக்காவது ஆகும்.” உள்ளே நான் அனுப்பிய புதிய பிளாப்பி, நான் சுற்றிய பேண்டேஜ் துணியோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இரண்டு கடலை மிட்டாய் இருந்தன. சாவு வீட்டிலிருந்து போகிறவனுக்கு ஒன்றும் கொடுத்தனுப்பக் கூடாது என்பார்கள். எந்த வழக்கத்தை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

டாஸ் பதிப்பை நாங்கள் பிறகு நிறுத்தவில்லை. கேட்டு ஒருவரும் எழுதவில்லை, இருந்தாலும் வைத்திருந்தோம்.

அன்றைக்கு ராஜபாளையம் திரும்பியதும், சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்தப் பிளாப்பியை வீட்டில் நான் வைத்திருந்த மெஷினில் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தேன். நாங்கள் பதிந்து அனுப்பியது மட்டும்தான் இருந்தது.